அசெட்டிலீன் தந்த அறிஞர் பெர்த்தலோ

கரிம வேதியியலில் ஆல்கைன்கள் என்னும் பாடத்தைக் கண்டு அஞ்சாத மாணவர் நம்மில் எத்தனை பேர் இருப்பர்? நான் அஞ்சியவன். முதல் உள்தேர்வில் அப்பாடத்திலிருந்து வந்த மூன்று வினாக்களில் ஒன்றைக்கூட என்னால் சரியாக எழுத இயலவில்லை. புரோமின் சேர்ந்தால் என்ன, நீர் சேர்ந்தால் என்ன, செஞ்சூடான குழாய் வழியே சென்றால் என்ன என்று இரவெல்லாம் உருப்போட்டவை விடைத்தாளில் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அந்த மதிப்பெண்ணை வீட்டில் சொல்ல நா எழவில்லை.

அந்நாளில் நூலகத்தில் வேதியியல் வரலாறு பற்றிய நூல் ஒன்று கைக்குக் கிடைத்தது. நான் உருப்போட்டுத் தோற்ற வினைகளுள் சிலவற்றை முதன்முதலில் தம் கையால் செய்து பார்த்த ஒருவரின் வாழ்க்கை அதில் இருந்தது. அவரே மார்செலன் பெர்த்தலோ.

பெர்த்தலோ 1827ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். அப்போது நம் காரைக்காலும் அவருடைய நாட்டின் கொடியின் கீழ்தான் இருந்தது. 1739இல் இங்கு வந்த பிரெஞ்சு ஆட்சி 1954இல்தான் நீங்கிற்று. அவருடைய தந்தையார் ஒரு மருத்துவர். பள்ளியில் பெர்த்தலோ பரிசு பெற்றது வேதியியலில் அன்று, தத்துவத்தில். பின்னர் வேதியியலில் மனம் பதிந்து, 1851இல் புரோமினைக் கண்டுபிடித்த பலார் என்னும் அறிஞரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். குறைந்த ஊதியத்தில், ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அந்த ஆய்வுக்கூடமே கதியாகக் கிடந்தார்.

உயிர்ப்பொருள்களில் உள்ள சேர்மங்கள் உயிராற்றலால் மட்டுமே உண்டாகும் என்ற எண்ணம் அக்காலத்தில் முற்றும் மறையவில்லை. 1828இல் வோலர் யூரியாவைச் செயற்கையாக உண்டாக்கியிருந்தும் ஐயம் நீங்கவில்லை. பெர்த்தலோ அந்த ஐயத்தைச் சொல்லால் எதிர்க்கவில்லை, குடுவையால் எதிர்த்தார். கிளிசரினோடு கொழுப்பு அமிலங்களைச் சேர்த்துக் கொழுப்பை உண்டாக்கினார். 1855இல் எத்திலீனிலிருந்து, சர்க்கரையும் நொதிப்பும் இன்றியே ஆல்கஹாலைப் பெற்றார்.

இனி அசெட்டிலீனுக்கு வருவோம். 1836இலேயே எட்மண்ட் டேவி என்பவர் இவ்வாயுவைக் கண்டிருந்தார். ஆனால் உலகம் அதை மறந்துவிட்டது. 1860இல் பெர்த்தலோ, எத்திலீன், ஆல்கஹால் முதலியவற்றின் ஆவியைச் செஞ்சூடான குழாய் வழியே செலுத்தினார். வெளிவந்த வாயுக் கலவையை அம்மோனியா கலந்த குப்ரஸ் குளோரைடு கரைசலில் செலுத்தியபோது சிவப்பு வீழ்படிவு தோன்றியது. அதை அமிலத்தால் சிதைக்கத் தூய வாயு கிடைத்தது. அதற்கு அசெட்டிலீன் என்று பெயரிட்டவர் அவரே.

அத்தோடு அவர் அமையவில்லை. 1862இல் ஹைட்ரஜன் நிரம்பிய கலத்தினுள் இரு கரித்துண்டுகளுக்கு இடையே மின்வில்லை எழுப்பினார். கரியும் ஹைட்ரஜனும் நேரே கூடி அசெட்டிலீன் உண்டாயிற்று. அசெட்டிலீனோடு ஹைட்ரஜன் சேர்ந்தால் எத்திலீன். எத்திலீனோடு நீர் சேர்ந்தால் ஆல்கஹால். வெறுங்கரியில் தொடங்கி ஆல்கஹால் வரை படிப்படியாக ஏறிவிடலாம்! 1866இல் அசெட்டிலீனைக் கண்ணாடிக் கலத்தில், கண்ணாடி இளகும் அளவுக்குச் சூடாக்கினார். மூன்று மூலக்கூறுகள் இணைந்து பென்சீன் கிடைத்தது. நம் பாடநூலில் ஒரே வரியில் முடிந்துவிடும் வினை அது.

ஆயினும் இப்பெருமகனாரிடமும் ஒரு பிடிவாதம் இருந்தது. அணுக்களை எவரும் கண்டதில்லை என்பதால் அணுக்கொள்கையை அவர் நெடுங்காலம் ஏற்கவில்லை. கார்பனின் எடையை 12 என்று கொள்ளாமல் 6 என்று கொண்டு, அசெட்டிலீனில் நான்கு கார்பன் என்றே எழுதிவந்தார். 1890களில்தான் இறங்கிவந்து புதிய முறையில் எழுதினார். பேரறிஞராகவும், 1886இல் கல்வி அமைச்சராகவும், 1895இல் வெளியுறவு அமைச்சராகவும் விளங்கிய அவருடைய செல்வாக்கால் பிரான்சில் அணுக்கொள்கை காலந்தாழ்ந்தே வேரூன்றியது என்பர். அவர் எழுதிய குறியீடு மறைந்தது. அவர் கண்ட சிவப்பு வீழ்படிவு மறையவில்லை.

இதைப் படித்த அடுத்த வாரம் எங்கள் செய்முறை வகுப்பில் அதே சோதனை வந்தது. கால்சியம் கார்பைடு துண்டின் மேல் நீரைச் சொட்டவிட்டு, எழுந்த வாயுவைக் கரைசலில் செலுத்தினேன். செங்கல் நிறத்தில் வீழ்படிவு இறங்கியது. அதை உலரவிடக் கூடாது, உலர்ந்தால் சிறு உராய்விலும் வெடிக்கும், உடனே நீர்த்த அமிலம் ஊற்றிச் சிதைத்துவிட வேண்டும் என்று பேராசிரியர் எச்சரித்தார். அந்நொடியில் எனக்கு என் தந்தையாரின் நினைவு வந்தது.

என் தந்தையார் அரசலாற்றங்கரையில் படகு வேலை செய்யும் பட்டறை ஒன்றில் கேஸ் வெல்டிங் செய்பவர். ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். மெரூன் நிற உருளையில் இருப்பது அசெட்டிலீன், கறுப்பு உருளையில் இருப்பது ஆக்சிஜன், இரண்டும் சேர்ந்து எரிந்தால் 3,000 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பம். அசெட்டிலீன் செல்லும் வழியில் செம்புக் குழாய் மட்டும் போடவே கூடாது என்பது அவருக்குத் தொழில் கற்பித்த மேஸ்திரி சொன்ன விதி. காரணம் அவருக்கும் தெரியாது, மேஸ்திரிக்கும் தெரியாது. முப்பது ஆண்டுகளாக அவ்விதியை அவர் மீறியதில்லை.

அன்றிரவு சோற்றுத் தட்டின் முன்னால் அந்தக் காரணத்தைச் சொன்னேன். அசெட்டிலீனின் ஓரத்து ஹைட்ரஜன் எளிதில் விலகும் தன்மையது. அவ்விடத்தில் செம்பு வந்து அமர்ந்தால், நான் காலையில் கண்ட அதே வெடிப்பொருள் குழாயினுள் படியும் என்றேன். அவர் உண்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். மறுநாள் பட்டறைப் பையன்கள் அனைவருக்கும் அதை எடுத்துச் சொல்ல வேண்டும் என்றார். பிறகுதான் உள்தேர்வு மதிப்பெண்ணைச் சொல்லும் துணிவு எனக்கு வந்தது. அவர் கோபிக்கவில்லை. காரணம் தெரிந்த பாடம் இனி மறக்காது என்று மட்டும் சொன்னார்.

1907ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் பெர்த்தலோவின் மனைவி சோஃபி இறந்தார். அவரைத் தொடர்ந்து அன்றே அவரும் உயிர் துறந்தார். இருவரையும் பிரிக்க மனமின்றி, பிரெஞ்சு நாடு தன் பெருமக்கள் துயிலும் பாந்தியன் மண்டபத்தில் ஒன்றாகவே அடக்கம் செய்தது.

மாணவ நண்பர்களே! வினைகளை உருப்போடுவதற்கு முன், அவற்றை ஒரு முறையேனும் குடுவையில் கண்ணால் காணுங்கள். கண்டதற்குக் காரணம் கேளுங்கள். கண்ணால் காணாததை ஏற்க மறுத்த பெர்த்தலோ இடறினார். காரணம் அறியாமலே என் தந்தையார் கைவிதியைக் காத்தார். கண்டதையும் காரணத்தையும் சேர்த்துப் பிடிக்கும் வாய்ப்பு நமக்குக் கல்லூரியில் கிடைத்திருக்கிறது. இரண்டாம் உள்தேர்வில் ஆல்கைன் வினாக்களை நான் விட்டுவைக்கவில்லை.

— இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்