12 வருஷம் எழுதிய கதை



ஒரு கதைப் புத்தகத்தைத் திறந்து பத்துப் பக்கம் படித்ததும், 'போர் அடிக்குது' என்று மூடி வைத்திருக்கிறீர்களா? அப்படி மூடத் தோன்றும் பெரிய கதை ஒன்று உண்டு. அதுதான் ஆங்கிலத்தில் வந்த 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்'. எழுதியவர் ஜே.ஆர்.ஆர். டோல்கீன். அவர் வாழ்க்கை தெரிந்தால் மூட மனசு வராது.

டோல்கீன் 1892 ஜனவரி 3 அன்று தென்னாப்பிரிக்காவில் பிறந்தார். மூணு வயசில் அம்மா, தம்பியோடு இங்கிலாந்து வந்தார். அங்கேயே தங்கிவிட்ட அப்பா 1896-ல் நோயில் இறந்துவிட்டார். அம்மாதான் வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார். 1904-ல் அம்மாவும் சர்க்கரை நோயில் போய்விட்டார். அப்போது இன்சுலின் மருந்தே கண்டுபிடிக்கவில்லை. டோல்கீனுக்கு வயது 12 தான். பாதிரியார் ஒருவர் பொறுப்பெடுத்து அண்ணன் தம்பி இருவரையும் படிக்க வைத்தார்.

பள்ளிக்கூடத்தில் இவரையும் சேர்த்து நாலு பேர் உயிர் நண்பர்கள். சேர்ந்து டீ குடித்துக்கொண்டு புத்தகங்களைப் பற்றிப் பேசுவார்களாம். முதல் உலகப் போர் வந்தது. 1916-ல் டோல்கீன் பிரான்சில் சொம் போர்க்களத்தில் இருந்தார். பேன் கடியால் பரவும் காய்ச்சல் வந்து ஊர் திரும்பினார். ஆனால் அந்த நாலு பேரில் இரண்டு பேர் அதே வருஷம் போரில் இறந்துபோனார்கள்.

பிறகு 1925-ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். புதுசு புதுசா மொழிகளை உருவாக்குவது அவருக்கு ரொம்பப் பிடிக்கும். அந்த மொழிகளுக்காகவே மக்களையும் நாடுகளையும் கற்பனை செய்தார். ஒருநாள் பரீட்சைப் பேப்பர் திருத்தும்போது ஒரு வெற்றுப் பக்கம் வந்தது. அதில் எழுதிய ஒரு வரிதான் 'தி ஹாபிட்' கதை ஆனது. பதிப்பாளர் அதைத் தன் 10 வயது மகனிடம் கொடுத்து அபிப்பிராயம் கேட்டார். பையனுக்குப் பிடித்திருந்தது. 1937-ல் புத்தகம் வந்தது.

அதே வருஷம் டிசம்பரில் அடுத்த கதையைத் தொடங்கினார். முடித்தது 1949-ல்! 1954, 1955-ல் மூன்று பாகமாக வெளியானது.

இதைத் திறந்தால் முதலில் சண்டையே வராது. ஹாபிட் என்ற குள்ள மனிதர்களின் பழக்கவழக்கம் வரும். பிறகு ஒருவரின் 111-வது பிறந்தநாள் விருந்து. அதற்கப்புறம் 17 வருஷம் கழித்துத்தான் பயணமே கிளம்பும். நடுநடுவே பாட்டு வரும். ஆறு, மலை, ராஜா என்று ஏகப்பட்ட பெயர்கள் வரும். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். புத்தகத்தில் உள்ள வரைபடத்தில் விரல் வைத்துப் பார்த்தால் போதும்.

மற்ற கதைகளில் புதையலைத் தேடிப் போவார்கள். இதில் கையில் இருக்கும் கெட்ட மோதிரத்தை அழிக்கப் போகிறார்கள். போகிறவன் பலசாலி இல்லை, சாதாரண ஃப்ரோடோ. அவனைத் தனியாக விடாமல் சமையல் பாத்திரங்களையும் சுமந்துகொண்டு கூடவே போகிறான் சாம். போரில் நண்பர்களை இழந்தவர் எழுதியதால்தான் சாம் இவ்வளவு நல்லவனாக இருக்கிறான் என்று எனக்குத் தோன்றுகிறது.

டோல்கீன் 1973 செப்டம்பர் 2 அன்று 81 வயதில் மறைந்தார்.

ஆகவே நண்பர்களே, அவர் 12 வருஷம் பொறுமையாக எழுதினார். நாம் முதல் நூறு பக்கமாவது பொறுமையாகப் படிக்கக் கூடாதா?

– 9-ஆம் வகுப்பு மாணவி