அடையபலம் தந்த அப்பைய தீட்சிதர்

சிவமயம்

ஆரணி என்றவுடன் பட்டு நினைவிற்கு வரும். பாவும் ஊடும் ஒன்றையொன்று தழுவி நிற்கப் பட்டாடை உருவாவது போலப் பல சமயத்தாரும் அடுத்தடுத்து வாழ்ந்து உருவாக்கிய நாடு இத்தொண்டை நாட்டுப் பகுதி. ஆரணியைச் சார்ந்த திருமலைக் குன்றிலே, சிவநெறி பேணிய சோழர் குலத்தில் தோன்றிய குந்தவையார் பெயரால் விளங்கும் சினாலயம் இன்றும் நிற்கின்றது. முதலாம் இராசேந்திரன் வடபுலத்து வெற்றிகளைக் கூறும் கல்வெட்டும் அக்குன்றிலேயே உள்ளது. தம் நெறியில் உறைத்து நிற்றலும் பிறர் நெறியை இகழாது வாழ்தலும் ஒருங்கே நிகழ்ந்த மண் இது. இந்த மண்ணிலே அவ்விரு பண்பிற்கும் ஓர் உருவமாகத் தோன்றியவர் அப்பைய தீட்சிதர். திருக்குடமுழுக்குக் கண்டு களிக்கும் இந்நன்னாளில், நம் அயலூரிலே பிறந்து பாரத நாடெங்கும் புகழ் பரப்பிய அப்பெரியாரின் வரலாற்றைச் சிந்தித்தல் மிகவும் பொருத்தமாம்.

ஆரணிக்கு அணித்தே உள்ள அடையபலம் என்னும் சிற்றூரே தீட்சிதர் அவதரித்த தலம். அவர் காலத்தை 1520 முதல் 1593 வரை என அறிஞர் பலரும் கொள்வர். தந்தையார் இரங்கராச தீட்சிதர் வேள்வி பல இயற்றியவர்; அத்துவித நூல்கள் எழுதிய பேரறிஞர். பாட்டனார் ஆச்சான் தீட்சிதரோ கிருட்டிணதேவராயர் காலத்தில் புகழ் பெற்றவர். காஞ்சி வரதராசப் பெருமாளைப் பற்றி அவர் இயற்றிய சுலோகம் ஒன்றன் நயம் கருதி வட்சத்தலாசாரியர் எனச் சிறப்பிக்கப் பெற்றவர். அப்பாட்டனாரின் இரண்டாம் மனைவியார் வைணவக் குடியில் தோன்றியவர். அவ்வம்மையார் வயிற்றில் உதித்தவரே இரங்கராசர். எனவே சிவபத்தியிற் சிறந்த தீட்சிதரின் குருதியிலே திருமாலடியார் குடியின் குருதியும் கலந்திருந்தது. பின்னாளில் அவர் உள்ளம் விரிந்த வகையை அறிய விரும்புவார் இச்செய்தியை மறத்தலாகாது.

தந்தையாரிடமே வேதமும் சாத்திரங்களும் கற்றுத் தேர்ந்த தீட்சிதர் வளர்ந்த காலம் அமைதியான காலமன்று. 1565ஆம் ஆண்டில் தலைக்கோட்டைப் போரில் விசயநகரம் வீழ்ந்தது. பேரரசின் தலைநகர் பெனுகொண்டாவிற்கும் பின்னர்ச் சந்திரகிரிக்கும் பெயர்ந்தது. அரசர் பலர் வைணவத்தைச் சார்ந்திருந்தனர். அரசர் சார்ந்த நெறியையே ஊரும் சார்தல் உலக வழக்கு. அந்நிலையில் சிவபரத்துவம் பேசுவோர்க்கு அவையில் இடம் குறுகியது. புலமையை விற்றுப் பொருள் ஈட்ட விரும்பிய ஒருவர் செய்யத்தக்கது எளிது: காற்றடிக்கும் பக்கம் சாய்ந்து விடலாம். தீட்சிதர் அது செய்திலர். சிவதத்துவ விவேகம் முதலிய நூல்களை இயற்றிச் சிவபெருமானே முழுமுதல் என்பதை வேத உபநிடதங்களைக் கொண்டு நிறுவினார். சிவபூசை செய்வார்க்குப் பயன்படும் வண்ணம் சிவார்ச்சன சந்திரிகை என்னும் நூலையும் அருளினார்.

அக்காலத்தில் வேலூரை ஆண்ட சின்னபொம்ம நாயக்கர் சிவபத்தர். வேலூர்க் கோட்டையுள் விளங்கும் சலகண்டேசுவரர் திருக்கோயிலை எடுப்பித்தவர் அவரே என்பர். நெடுங்காலம் மூலமூர்த்தியின்றி இருந்த அக்கோயிலில் 1981ஆம் ஆண்டு மீண்டும் இறைவன் எழுந்தருளியமை நம்மிற் பலர் அறிந்ததே. அந்நாயக்கரின் வேண்டுகோட்கிணங்கியே, நீலகண்ட சிவாசாரியார் பிரம சூத்திரத்திற்குச் செய்த சைவ பாடியத்திற்குச் சிவார்க்கமணி தீபிகை என்னும் பேருரையைத் தீட்சிதர் வரைந்தார். வழக்கற்று மங்கிக் கிடந்த பாடியம் அவ்வுரையால் மீண்டும் ஒளி பெற்றது. மகிழ்ந்த மன்னர் தீட்சிதரை நடுவே இருத்திப் பொன் சொரிந்து கனகாபிடேகம் செய்தார்.

பொன் வந்துற்றபோதே ஒருவரின் உள்ளம் விளங்கும். வறுமை பலரை நெறி பிறழச் செய்வதுண்டு. ஆயினும் வறுமையில் வழுவாதவரும் வாழ்வு வந்தபோது வழுவியதை உலகம் கண்டிருக்கிறது. தலைமேற் சொரிந்த பொன்னைத் தீட்சிதர் தம் மனைக்கு வைத்துக் கொண்டிலர். தாம் பிறந்த அடையபலத்தில் காலகண்டேசுவரர்க்குக் கோயில் எழுப்பினார். அந்தச் சைவ பாடியத்தையும் தம் உரையையும் கற்பாராக ஐந்நூறு மாணவரைப் பேணினார். 1582ஆம் ஆண்டினதான கல்வெட்டொன்று அக்கோயிலிலேயே இச்செய்திகளைத் தாங்கி நிற்கின்றது. நூறு நூல் இயற்றியவர் என அவரைக் குறிக்கும் அக்கல்வெட்டு, அவர் உயிரோடிருந்த காலத்திலேயே பொறிக்கப் பெற்றது என்பது நினையத்தக்கது.

கொள்கையில் உறைத்து நின்றார்க்கு இடர் வருதல் இயல்பே. தீட்சிதர்க்கு நஞ்சு கலந்து தந்தனர் என்றும், வழியில் ஆள் நிறுத்தி மடக்க முயன்றனர் என்றும், அவையெல்லாம் திருவருளால் விலகின என்றும் வழிவழிச் செய்திகள் வழங்குகின்றன. விரிஞ்சிபுரத்து மார்க்கபந்துப் பெருமானை வழித்துணையாகக் கொண்டு அவர் பாடிய துதி, அச்சம் வந்த இடத்தில் அவர் எதனைப் பற்றினார் என்பதைக் காட்டும். ஆயினும் இச்செய்திகளைப் பகை வளர்க்கும் கருவியாகக் கொள்வோர் தீட்சிதரின் திருவுள்ளத்தை அறியாதவரே ஆவர். அவர் வரலாற்றின் மணிமுடி இனிக் கூறப்படுவதாம்.

சதுர்மதசார சங்கிரகம் என்பது தீட்சிதர் இயற்றிய நூல். பிரம சூத்திரத்திற்கு நால்வேறு மதத்தார் கொள்ளும் பொருளை நான்கு பகுதிகளாக அவர் அதில் வகுத்துரைத்தார். மத்துவர் கொள்கைக்கு நியாயமுத்தாவலி, இராமானுசர் கொள்கைக்கு நயமயூகமாலிகை, நீலகண்டர் கொள்கைக்கு நயமணிமாலை, சங்கரர் கொள்கைக்கு நயமஞ்சரி எனப் பெயரிட்டார். மத்துவர் பகுதியைக் கற்பவர் அதனை ஒரு மத்துவரே எழுதினார் என மயங்குவர். இராமானுசர் பகுதியைக் கற்பவர்க்கும் அத்தகைய மயக்கமே உண்டாம். இத்தனைக்கும் மத்துவ மதத்தை மறுத்து மத்துவதந்திர முகமர்த்தனம் என்னும் கடிய கண்டன நூலை எழுதியவரும் அவரே. மறுக்க வேண்டிய இடத்தில் தயங்காது மறுத்தார். எடுத்துரைக்க வேண்டிய இடத்தில் ஒளியாது எடுத்துரைத்தார். மாற்றான் கூற்றைக் குறைத்துக் கூறிப் பின் வெல்லுதல் எளிய வெற்றி. அவ்வெற்றியை அவர் விரும்பவில்லை. மாற்றார் நூலை நெய்யும்போதும் இழையறுத்து வைக்காத நேர்மை அவருடையது.

இவ்வளவே அன்று. வைணவப் பேராசிரியராகிய வேதாந்த தேசிகர் கண்ணன் வரலாறாகப் பாடிய யாதவாப்யுதயம் என்னும் காவியத்திற்குத் தீட்சிதர் உரை வகுத்தார். பாட்டனார் பாடிய காஞ்சி வரதரைத் தாமும் வரதராச தவம் என்னும் துதியாற் போற்றினார். இரத்தினத்திரய பரீட்சை என்னும் நூலிலே சிவபெருமானோடு அம்மையையும் திருமாலையும் சேர்த்து மூன்று மணிகளாக வைத்து ஆராய்ந்தார். தஞ்சைச் செவ்வப்ப நாயக்கர் அவையில் தீட்சிதரும், மத்துவ மரபின் விசயீந்திர தீர்த்தரும், வைணவத் தாதாசாரியரும் முத்தீயைப் போல ஒருங்கிருந்து வாதித்தனர் எனச் சாசனம் கூறும். ஒருவர் நூலை ஒருவர் மறுத்தனர். ஓரவையில் ஒருங்கும் இருந்தனர். அதே நூற்றாண்டில் மேனாட்டிலே, 1553ஆம் ஆண்டில், செனீவா நகரத்தார் கிறித்துவ சமயக் கொள்கை வேறுபாடு பற்றிச் செர்வீட்டசு என்னும் அறிஞரை உயிரோடு எரித்தனர். கொள்கையுறுதி நடுவுநிலைமையைத் துறந்தால் எங்குச் சென்று முடியும் என்பதற்கு அது சான்று.

தீட்சிதரின் முடிபும் நம் தமிழ்ச் சைவ சித்தாந்த சாத்திரங்களின் முடிபும் எல்லா இடத்தும் ஒன்றே எனக் கூறுதல் உண்மையாகாது. அத்துவிதமே வேதத்தின் முடிந்த முடிபு என அவர் கொண்டார்; ஆனால் அவ்வுணர்வும் சிவபெருமான் திருவருளாலன்றி எய்தாது எனத் துணிந்தார். மெய்கண்டார் வழி நிற்பார் முப்பொருளுண்மை கொள்வர். இவ்வேறுபாட்டை மறைத்து அவரைப் போற்றுதல் அவர்க்கே உவப்பாகாது. வேறுபாட்டை வெளிப்படக் கூறியும் வணங்குதலே அவர் காட்டிய வழி.

பிறர் கொள்கையை ஆராய்ந்தவர் தம்மை ஆராயாது விட்டிலர். நாள்தோறும் சிவபூசை செய்கின்றோம். அறிவு தெளிந்திருக்கும்போது சிவசிந்தை உண்டு. அறிவு கலங்கும்போதும் அது நிலைக்குமோ என்னும் ஐயம் அவர்க்கு எழுந்ததாம். ஊமத்தையை உண்டு, மயக்கத்தில் தாம் பேசுவனவற்றையெல்லாம் எழுதி வைக்குமாறு மாணவரைப் பணித்தார் என வரலாறு கூறுவர். பித்தேறிய நிலையில் அவர் வாயினின்று வெளிப்பட்டவை சிவபெருமானுக்குத் தம்மையே ஒப்புவிக்கும் ஐம்பது சுலோகங்கள். ஆன்மார்ப்பண துதி எனவும் உன்மத்த பஞ்சாசத் எனவும் வழங்கும் நூல் அதுவே. பிறர் காண நிற்கும் உறுதி ஒன்று. தன்னையறியாத நிலையிலும் நிற்கும் உறுதி மற்றொன்று. பின்னையதே உறுதி என்னும் பெயர்க்கு உரியது. அவையில் ஒருவர் அஞ்சாது பேசியதற்கு வேர் எங்கே இருந்தது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

எழுபத்திரண்டு ஆண்டு வாழ்ந்து, நூற்றுக்கும் மேற்பட்ட நூல்களை இயற்றிய தீட்சிதர், இறுதிக் காலத்தில் தில்லையை அடைந்தார். ஆனந்தக் கூத்தன் திருமுன்னே சிவபதம் எய்தினார் என்பது மரபு. அவர் தம்பியாராகிய ஆச்சான் தீட்சிதரின் பேரர் நீலகண்ட தீட்சிதர், மதுரைத் திருவிளையாடல்களைச் சிவலீலார்ணவம் என்னும் காவியமாகப் பாடி அக்குடியின் புகழை மேலும் வளர்த்தார். பாட்டனார் புகழையும் தீட்சிதரின் வாழ்வையும் பின்வந்தோர் அறியச் சொன்னவரும் அவரே.

கோயில் எழுப்புவோர், குடமுழுக்கு நடத்துவோர், பொருளுதவுவோர் ஆகிய அன்பர்கட்கு இவ்வரலாறு கூறுவது யாது? பொன் இறைவன் திருப்பணிக்கு ஆதல் நன்று. அதனினும் நன்று, அப்பொன்னைத் தருவார் நெஞ்சு நேர்மையுடையதாதல். கோபுரக் கலசத்திற்கு ஊற்றும் புனித நீர் ஒருநாளிற் காய்ந்து விடும். வணிகத்தில் அளவு குறையாமை, வழக்கில் பொய்க்கரி கூறாமை, ஊரார் கூட்டத்தில் வலியார் முன் உண்மையை மறையாமை, உடன்படாதவன் சொல்லையும் உள்ளபடி எடுத்துரைத்தல் ஆகிய இவை காயாத அபிடேகங்கள். தறியில் அமர்ந்த நெசவாளி மறுபுறத்திலும் இழை ஒழுங்காக உள்ளதா எனத் திருப்பிப் பார்க்கிறான். பிறர் காணாத அப்புறத்தை நாமும் நாள்தோறும் திருப்பிப் பார்த்தல் வேண்டும்.

அடையபலம் நமக்குத் தொலைவன்று. குடமுழுக்குக் கண்ட அன்பர்கள் ஒருமுறை அங்குச் சென்று, காலகண்டேசுவரப் பெருமானை வணங்கி, அக்கல்வெட்டின் முன் சிறிது நேரம் நிற்பாராக. பொன் பெற்றும் பொருட்குச் சாயாமல், அச்சம் வந்தும் அடிபணியாமல், மாற்றாரை மறுத்தும் அவர்க்கு அநீதி இழையாமல் வாழ்ந்த ஒருவர் நம் மண்ணிலே நடந்தார் என்பதை அக்கல் சொல்லும். அவ்வுறுதியும் அந்நடுவுநிலைமையும் நமக்கும் வாய்க்க எல்லாம் வல்ல சிவபெருமான் திருவருள் புரிவாராக.

திருச்சிற்றம்பலம்