கன்கலின் சேவைத் துறவி சுவாமி கல்யாணானந்தர்

தட்சன் வேள்வி செய்த தலமாகப் போற்றப்படும் கன்கல், ஹரித்வாரை அடுத்துக் கங்கைக் கரையில் அமைந்தது. 1901-ஆம் ஆண்டு ஜூன் மாதம், மாதம் மூன்று ரூபாய் வாடகையில் இரண்டு அறைகளை எடுத்துக்கொண்டு இளந்துறவி ஒருவர் அங்கே குடியேறினார். அவரிடமிருந்த செல்வம் ஒரு சிறிய மருந்துப் பெட்டியே. இன்று கன்கலில் பல பிரிவுகளுடன் இயங்கிவரும் ராமகிருஷ்ண மிஷன் சேவாசிரம மருத்துவமனையின் தொடக்கம் அதுதான். அந்தத் துறவி, சுவாமி விவேகானந்தரின் சீடரான சுவாமி கல்யாணானந்தர்.

கிழக்கு வங்காளத்தில், பாரிசால் மாவட்டத்தின் ஹானுவா கிராமத்தில் 1874-இல் அவர் பிறந்தார். பூர்வாசிரமப் பெயர் தட்சிணாரஞ்சன் குகா. இளமையிலேயே தந்தையை இழந்தவர். 1898-இல் மடத்தில் சேர வந்தபோது சுவாமிஜி அவரை ஒரு விசித்திரமான கேள்வியால் சோதித்தார். தமக்குப் பணம் தேவைப்பட்டு, அதற்காகத் தேயிலைத் தோட்டக் கூலியாக அவரை விற்றுவிட்டால் சம்மதமா என்று கேட்டார். இளைஞர் சற்றும் தயங்கவில்லை; உடனே இசைந்தார். பின்னொரு நாள் சுவாமிஜிக்குப் பனிக்கட்டி தேவைப்பட்டது. வாங்கிவரப் பணிக்கப்பட்ட கல்யாணானந்தர், பெரிய பனிக்கட்டியைத் தலையில் சுமந்துகொண்டு நடந்தே வந்து சேர்ந்தார். அவர் ஒருநாள் பரமஹம்ச நிலையை அடைவார் என்று சுவாமிஜி நெகிழ்ந்து ஆசி கூறினார்.

1899-இல் ராஜபுதனத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியபோது, கிஷன்கட்டில் நிவாரணப் பணி செய்து அவர் பக்குவம் பெற்றார். அதன்பின் சுவாமிஜி அவரிடம் ஹரித்வார், ரிஷிகேஷ் பகுதிச் சாதுக்களின் நிலையை எடுத்துரைத்தார். சுவாமிஜி அந்நிலையை நேரில் அறிந்தவர். 1890-இல் பரிவிராஜகராகச் சுற்றிய காலத்தில் ரிஷிகேஷில் அவரே நோயுற்று உயிர் போகும் நிலைக்கு ஆளாகியிருந்தார். மலேரியாவும் காலராவும் வயிற்றுக்கடுப்பும் தாக்கினால், குடிசையில் கிடக்கும் துறவிக்கு ஒரு வாய் நீர் கொடுக்கவும் ஆளில்லாத காலம் அது. அவர்களுக்குப் பணிபுரியுமாறும், வங்காளத்தை மறந்துவிடுமாறும் குருநாதர் கட்டளையிட்டார்.

கல்யாணானந்தர் தம் உணவைப் பிட்சையெடுத்து உண்டார். நோயுற்றோரின் குடிசைகளுக்குச் சென்று மருந்தும் பத்திய உணவும் கொடுத்தார்; மலத்தையும் வாந்தியையும் தம் கையாலேயே அப்புறப்படுத்தினார். துணைக்கு வந்து சேர்ந்தார் சுவாமி நிச்சயானந்தர். மராட்டியரான அவர் முன்னாள் படைவீரர். சுவாமிஜியிடமே சந்நியாசம் பெற்றவர். மருந்துகளைச் சுமந்துகொண்டு ஏறத்தாழ 15 மைல் தொலைவிலுள்ள ரிஷிகேஷுக்கு நடந்தே செல்வார். நோயாளிகளைக் கவனித்தபின் நடந்தே திரும்புவார்.

எதிர்ப்பு வந்தது, யாருக்காகப் பாடுபட்டார்களோ அவர்களிடமிருந்தே! காவியுடுத்தியவர் பிறருடைய கழிவை அள்ளுவதா, தாழ்த்தப்பட்டோரைத் தொட்டு மருந்திடுவதா என்று வைதிகச் சாதுக்கள் கொதித்தனர். துப்புரவுத் தொழிலாளியை இழிவாகச் சுட்டும் 'பங்கி' என்ற சொல்லைச் சேர்த்து இருவரையும் பங்கி சாதுக்கள் என்றழைத்தனர். பண்டாரா என்னும் சாதுக்களின் சமஷ்டி விருந்துகளிலும் ஒதுக்கிவைத்தனர். இதை வெறும் ஆணவம் என்று தள்ளிவிடுவதற்கில்லை. எல்லாக் கர்மங்களையும் துறந்தவனே சந்நியாசி என்பது அவர்கள் வழிவழியாகக் கற்றது. அக்கண்ணோட்டத்தில் சேவை என்பது மீண்டும் உலகில் விழுவதாகும். கல்யாணானந்தர் வாதம் செய்யவில்லை. ஏசியவர்கள் காய்ச்சலில் விழுந்தபோதும் அதே மருந்துப் பெட்டியுடன் சென்று நின்றார்.

நிலைமையை மாற்றியவர் ரிஷிகேஷ் கைலாச ஆசிரமத்தின் சுவாமி தன்ராஜ் கிரி. வேதாந்தக் கல்வியில் பெரும்புகழ் பெற்றவர் அவர். பண்டாராவுக்கு அவ்விரு துறவிகளையும் வருவித்து, அனைவர் முன்னிலையிலும் கௌரவித்தார். ஏளனம் மெல்ல அடங்கியது.

1903-இல் சேவாசிரமத்திற்குச் சொந்த நிலம் கிடைத்தது. கட்டிடங்கள் எழுந்தன. 1912-இல் சுவாமிகள் பிரம்மானந்தர், சிவானந்தர், துரியானந்தர் ஆகியோர் அங்கு தங்கியிருக்க, துர்க்கா பூஜை சிறப்பாக நடைபெற்றது.

1934 அக்டோபர் 22 அன்று நிச்சயானந்தர் மறைந்தார். மறுஆண்டு, பின்னாளில் சுவாமி சர்வகதானந்தர் எனப் பெயர்பெற்ற இளைஞர் ஒருவர் பம்பாயிலிருந்து நடந்தே கன்கல் வந்து சேர்ந்தார். தம்மைப் பற்றி அதிகம் பேசாத கல்யாணானந்தர், தேயிலைத் தோட்டக் கேள்வியையும் பனிக்கட்டி நிகழ்ச்சியையும் அவரிடம் நினைவுகூர்ந்தார்.

36 ஆண்டுகளில் கல்யாணானந்தர் வங்காளத்திற்கு ஒருமுறைகூடத் திரும்பவில்லை. பேலூர் மடத்தையும் பின்னர் பார்க்கவில்லை. 1937 அக்டோபர் 20 அன்று மசூரியில் அவர் உயிர் பிரிந்தது. திருமேனி கன்கலுக்கே கொண்டுவரப்பட்டது.