தனித்து நில்லாத ஆசிரியர்: செலஸ்டின் ஃபிரெனே

மாண்டிசோரி, ஜான் டூயி, பாவ்லோ ஃபிரெய்ரே ஆகியோரின் பெயர்களைக் கல்வியியல் படித்த நம்மில் பலர் விரிவுரைகளில் கேட்டிருப்போம். அந்த வரிசையில் வைத்துப் பேச வேண்டிய இன்னொருவர் செலஸ்டின் ஃபிரெனே. பிரான்சில் அவர் பெயரைத் தாங்கிய பள்ளிகள் பல உள்ளன. பேராசிரியராகவோ மருத்துவராகவோ இல்லாமல், தொடக்கப்பள்ளி ஆசிரியராகவே வாழ்ந்தவர் என்பதால், தமிழ்ப்பள்ளி ஆசிரியனாகிய எனக்கு அவர் மீது தனி ஈடுபாடு உண்டு. மக்களாட்சிக் கல்வி என்றும் மின்னிலக்கக் குடிமை என்றும் இன்று நாம் பேசும் பலவற்றை, கணினி வகுப்பறைக்கு வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, ஒரு சிறிய அச்சுப்பொறியைக் கொண்டு அவர் செய்து காட்டினார். அதை அவர் தனி ஆளாகச் செய்யவில்லை. இக்கட்டுரையில் நான் வலியுறுத்த விரும்புவதும் அதுவே.

காயம்பட்ட நுரையீரல்

ஃபிரெனே 1896 அக்டோபர் 15ஆம் நாள் தெற்கு பிரான்சின் மலைப்பகுதியில் உள்ள கார்ஸ் என்னும் சிற்றூரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். நீஸ் நகரில் ஆசிரியர் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தபோது முதல் உலகப்போர் மூண்டது. 1915இல் படையில் சேர்க்கப்பட்ட அவர், 1917இல் போர்முனையில் நுரையீரலில் கடுமையாகக் காயமுற்றார். உடல் தேறப் பல காலம் ஆயிற்று. ஆசிரியப் பணியை விட்டுவிட்டு ஓய்வூதியத்தில் வாழ்ந்திருந்தாலும் அவரை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆனால் 1920இன் தொடக்கத்தில் பார்-சுர்-லூப் என்ற கிராமப் பள்ளியில் பணியேற்றார். மூச்சு வாங்கியதால் நெடுநேரம் உரக்கப் பேசிப் பாடம் நடத்த அவரால் இயலவில்லை. ஆசிரியர் பேச, மாணவர் கேட்க என்ற பழைய முறை அவருக்குப் பொருந்தாமல் போனது. மாணவர்களை வெளியே அழைத்துச் சென்றார். அவர்கள் கண்டதைப் பேச வைத்தார். பேசியதை எழுத வைத்தார். வகுப்பின் குரல் ஆசிரியரிடமிருந்து மாணவர்களுக்கு மாறியது. உடற்குறை ஒன்றே இதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. போரை நேரில் கண்டவர் அவர். கீழ்ப்படிய மட்டும் கற்ற தலைமுறை எங்கே கொண்டு செல்லப்படும் என்பதையும் அறிந்திருந்தார்.

எழுத்தைக் கோத்த சிறுவர்கள்

1924ஆம் ஆண்டளவில் ஒரு சிறிய கை அச்சுப்பொறியை வாங்கி வகுப்பறைக்குள் வைத்தார். மாணவர்கள் தாம் விரும்பிய பொருளைப் பற்றித் தாமே எழுதினர். எழுதியதை வகுப்பில் வாசித்தனர். எதை அச்சிடுவது என்று வாக்களித்துத் தேர்ந்தெடுத்தனர். தேர்ந்த கட்டுரையை எல்லாரும் சேர்ந்து திருத்தினர். பின்பு ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தலைகீழாகக் கோத்து, மை தடவி, தாளில் பதித்தனர்.

இதில் அடங்கியிருக்கும் கல்வியை எண்ணிப் பாருங்கள். அச்சில் வந்தது எல்லாம் உண்மை என்று அந்நாளைய கிராம மக்கள் நம்பினர். தன் கையால் எழுத்தைக் கோத்த சிறுவனுக்கோ, ஒவ்வோர் அச்சுத்தாளுக்குப் பின்னாலும் தன்னைப் போன்ற ஒரு மனிதன் இருக்கிறான், அவன் தவறலாம், மறைக்கலாம், மிகைப்படுத்தலாம் என்பது தெரிந்துவிடுகிறது. இன்று பொய்ச்செய்தியை அடையாளம் காணும் திறன் என்று நாம் கற்பிக்க முயல்வது இதைத்தான்.

வாக்களிப்பது கட்டுரைத் தேர்வோடு நிற்கவில்லை. ஃபிரெனே முறை வகுப்புகளில் சுவரில் ஓர் இதழ் தொங்கியது. குறைகளையும், பாராட்டுகளையும், விருப்பங்களையும் மாணவர்கள் அதில் பெயருடன் எழுதினர். வார இறுதியில் வகுப்புக் கூட்டம் கூடி அவற்றை விவாதித்து முடிவெடுத்தது. பெயர் மறைத்துப் பழி தூற்ற அங்கு இடமில்லை. சொன்னவர் எழுந்து நின்று தம் சொல்லுக்குப் பொறுப்பேற்க வேண்டும்.

அஞ்சலில் வளர்ந்த கூட்டுறவு

அச்சிட்ட தாள்களை யார் படிப்பது? இந்தக் கேள்விதான் அவரை மற்ற ஆசிரியர்களிடம் கொண்டு சேர்த்தது. 1926இல் நாட்டின் மறுகோடியான பிரித்தானி கடற்கரையில் பணியாற்றிய ரெனே தானியேல் என்ற ஆசிரியரும் அவரும் தத்தம் மாணவர்களின் எழுத்துகளைத் தொடர்ந்து பரிமாறிக்கொள்ளத் தொடங்கினர். மலைப்பகுதிப் பிள்ளைகள் மீனவர் பிள்ளைகளின் வாழ்வை அவர்களின் சொற்களிலேயே படித்தனர்.

அதே ஆண்டில் ஃபிரெனே, எலீஸ் என்ற ஆசிரியையை மணந்தார். ஓவியரான எலீஸ் இறுதிவரை அவருடைய பணியில் சரிபாதியாக விளங்கினார். 1927இல் தூர் நகரில் அச்சுப்பொறி ஆசிரியர்களின் முதல் மாநாடு கூடியது. பிள்ளைகளின் எழுத்துகளைத் திரட்டிய இதழ் ஒன்றும் அவ்வாண்டில் தொடங்கியது. அடுத்து ஆசிரியர்களே பங்குதாரர்களாக ஒரு கூட்டுறவுச் சங்கம் உருவானது. அச்சுக் கருவிகளையும் பயிற்சி அட்டைகளையும் தாங்களே தயாரித்து விநியோகித்தனர். 1932 முதல் பாடநூலுக்கு மாற்றாகச் சிறு நூல்களை வெளியிட்டனர். ஆசிரியர்கள் ஒரே குறிப்பேட்டை அஞ்சலில் சுற்றுக்கு விட்டு, ஒவ்வொருவரும் தம் அனுபவத்தை அதில் எழுதி அடுத்தவருக்கு அனுப்பும் வழக்கமும் இருந்தது. இவர்களில் பலர் தனித்துக் கிடந்த சிற்றூர்ப் பள்ளிகளில் பணியாற்றியவர்கள் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

ஒரு கனவு தந்த சோதனை

1928இல் ஃபிரெனே சேன்-போல் என்ற ஊருக்கு மாறினார். பள்ளியின் சுகாதாரக் குறைகளையும் பொருள் தட்டுப்பாட்டையும் அவர் சுட்டிக்காட்டியதால் ஊராட்சியுடன் உரசல் ஏற்பட்டது. அந்நிலையில் ஒரு மாணவன் தன் கனவை எழுதினான். பள்ளிப் பொருள்களைத் தர மறுத்த ஊர்த்தலைவரைக் கனவில் கொன்றுவிட்டதாக அதில் இருந்தது. அது வகுப்பில் அச்சாயிற்று. 1932 டிசம்பரில் யாரோ அதைச் சுவரொட்டியாக்கி ஊரெங்கும் ஒட்டினர். தீவிர வலதுசாரி ஏடுகள் அதைப் பிடித்துக்கொண்டன. 1933 ஏப்ரலில் ஒரு கும்பல் பள்ளியை முற்றுகையிட்டது. நாடெங்குமிருந்து ஆசிரியர்களும் அறிஞர்களும் ஆதரவு தெரிவித்தும், அவர் அவ்வூரிலிருந்து மாற்றப்பட்டார்.

இன்று நம் கண்முன் நாள்தோறும் நடப்பதும் இதுதான். வகுப்புப் புலனக் குழுவில் எழுதிய ஒரு வரி, திரைப்பிடிப்பாகி ஊரைச் சுற்றி வருகிறது. ஒரு வட்டத்துக்குள் பொருள்பட்ட எழுத்து, அந்த வட்டத்தை விட்டு வெளியேறினால் ஆயுதமாகிறது. பிள்ளைகளுக்கு எழுதும் உரிமையை அளிப்பவர் அந்த எழுத்து எங்கெல்லாம் செல்லும் என்பதையும் அவர்களுடன் பேசியாக வேண்டும்.

மற்றொன்றையும் நான் கவனிக்கிறேன். ஃபிரெனே தம் பள்ளியை இழந்தார். ஆனால் அவருடைய பணி நின்றுவிடவில்லை. அது ஒரு கட்டடத்தில் இல்லாமல், பல ஊர் ஆசிரியர்களின் கைகளில் இருந்தது. 1935இல் அவரும் எலீஸும் வான்ஸ் நகரில் சொந்தப் பள்ளியைத் திறந்தனர். உள்நாட்டுப் போரிலிருந்து தப்பிவந்த ஸ்பானியக் குழந்தைகளுக்கு அது புகலிடமாயிற்று.

அந்த ஸ்பெயினிலும் இவ்வியக்கத்துக்கு ஆசிரியர்கள் இருந்தனர். அவர்களில் ஒருவர் அந்தோனி பெனைஜெஸ். கடலையே கண்டிராத தம் கிராமத்துப் பிள்ளைகள் கடலைக் கற்பனை செய்து எழுதியதை 1936இல் சிறு நூலாக அச்சிட்டார். அதே ஆண்டு ஜூலையில், போர் வெடித்த நாள்களில், அவர் கொல்லப்பட்டார். பிள்ளைகளைச் சிந்திக்க வைப்பது சிலருக்கு எவ்வளவு அச்சம் தருவது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இறுதி ஆண்டுகள்

1940இல் ஃபிரெனேயும் கைதாகி முகாம்களில் அடைக்கப்பட்டார். நோயுற்ற நிலையிலும் கல்வி பற்றிய நூல்களை எழுதுவதை அவர் கைவிடவில்லை. 1941இல் விடுதலையாகி, பின்னர் நாஜி எதிர்ப்பு இயக்கத்தில் பங்கேற்றார். போருக்குப்பின் 1947இல் ஆசிரியர்களின் நவீனப் பள்ளி நிறுவனமும், 1957இல் பன்னாட்டுக் கூட்டமைப்பும் தோன்றின. 1966 அக்டோபர் 8ஆம் நாள் வான்ஸில் காலமானார். பிறந்த மண்ணான கார்ஸிலேயே அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

நமக்கான வழி

அவர் அஞ்சலில் செய்ததைச் செய்ய இன்று எத்தனையோ வாயில்கள் திறந்துள்ளன. 1988இல் தொடங்கிய ஐயேர்ன் வலையமைப்பு பல நாட்டு வகுப்பறைகளை இணைக்கிறது. ஐரோப்பிய ஆசிரியர்கள் 2005 முதல் ஈட்வின்னிங் திட்டத்தின் வழி கூட்டாகப் பாடம் நடத்துகின்றனர். ஐரோப்பிய மன்றம் மின்னிலக்கக் குடிமைக் கல்விக்கென ஆசிரியர் கையேடு வெளியிட்டதோடு, 2025ஐ அக்கல்விக்குரிய ஆண்டாகவும் அறிவித்தது.

நம் நாட்டில் 2021 டிசம்பர் முதல் வாக்குரிமை வயது 18. நம் மாணவர்கள் இடைநிலைப்பள்ளியை முடித்த கையோடு வாக்காளர் ஆகின்றனர். அதற்கான பயிற்சி எங்கே தொடங்க வேண்டும்? ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் பல, 150க்கும் குறைந்த மாணவர்களைக் கொண்டவை. இப்பள்ளிகளில் ஆசிரியர் தனிமை பெரிது. ஆனால் ஃபிரெனேயின் தோழர்களுடைய பள்ளிகளும் இத்தகையவைதாம்.

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். இரு மாநிலங்களில் பணியாற்றும் இரு நண்பர்கள் போதும். மாதம் ஒரு பக்கம் மாணவர் எழுதட்டும். எதை அனுப்புவது என்று அவர்களே வாக்களிக்கட்டும். யார் பெயரையும் படத்தையும் வெளியிடலாம், யாருடையதை வெளியிடக் கூடாது என்று அவர்களே விவாதிக்கட்டும். ஆசிரியர் இருவரும் பொதுவான ஒரு மின்குறிப்பேட்டில் நடந்ததை எழுதி வரட்டும். மூன்றாமவர் தாமே வந்து சேருவார்.

பேரவையில் ஒன்றாகப் பணியாற்றிப் பழகியவர்கள் நாம். பட்டம் பெற்றபின் ஆளுக்கொரு பள்ளிக்குச் சென்று தொடர்பற்றுப் போவது நமக்கு அழகன்று. இந்த ஆண்டு ஆசிரியப் பணிக்குச் செல்லும் தம்பி தங்கைகளே, பணியிடக் கடிதம் கைக்கு வந்ததும் பேரவை நண்பர் ஒருவரை அழைத்து, உங்கள் வகுப்பும் எங்கள் வகுப்பும் எழுதிக்கொள்ளலாமா என்று கேளுங்கள். ஃபிரெனே என்ற அந்தக் கிராமத்து ஆசிரியருக்கு நாம் செய்யக்கூடிய நன்றி அதுவே.