தடை தாண்டிய வீரர் டங்கன் வைற்

உயரம் பாய்தலும் தடைதாண்டி ஓட்டமும் ஒரே குலத்தில் உதித்த இரு கலைகள் எனலாம். நிலத்தை உதைத்தெழுந்து, குறுக்கே நிற்கும் சட்டத்தைக் கடத்தலே இரண்டிற்கும் பொதுவாயது. எனினும் அவற்றிடையே ஒரு வேற்றுமை உண்டு. உயரம் பாய்பவன் ஒவ்வோர் உயரத்திலும் மும்முறை முயலலாம். தடைதாண்டி ஓடுபவனுக்கோ மறுமுயற்சி என்பது இல்லை. இடறினும் அவன் ஓடியே தீர்தல் வேண்டும். இவ்வுண்மையைத் தம் வாழ்வாலேயே விளக்கியவர் ஒருவரின் வரலாற்றை நம் மாணவர்க்கு நினைவூட்ட விழைகின்றோம்.

டங்கன் வைற் 1918ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதலாந் தேதி களுத்துறையை அடுத்த லத்பந்துரையிற் பிறந்தார். கல்வி பயின்றதோ நம் மலைநாட்டின் தலைநகராகிய கண்டியில். திரித்துவக் கல்லூரியின் மைதானமே அவருடைய கால்களுக்குப் பயிற்சிக் களமாயிற்று. அவர் தமக்கெனக் கொண்டது 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டம். ஏறத்தாழ மூன்றடி உயரமுள்ள தடைகள் பத்து. தொடக்கக் கோட்டிலிருந்து முதல் தடை 45 மீற்றர் தொலைவில் நிற்கும். அதன்பின் 35 மீற்றருக்கு ஒன்றாக ஏனையவை நிற்கும். ஒவ்வொரு தடைக்கும் எத்தனை அடி வைப்பதென்று முன்னரே கணக்கிட்டு, களைத்த பின்னரும் அக்கணக்குத் தவறாது ஓடுதல் வேண்டும். விரைவும் பொறையும் ஒருங்கே வாய்த்தார்க்கன்றி இவ்வோட்டம் கைகூடாது.

ஓட்டவீரர் ஒருவரின் நல்ல பருவம் குறுகியது. வைற்றுக்கு 22 வயதாயிருந்த 1940இல் நடைபெற்றிருக்க வேண்டிய ஒலிம்பிக் விழாவை உலகப்போர் விழுங்கிற்று. அவருக்கு 26 வயதான 1944இலும் விழா இல்லை. தடங்களில் நிற்கும் தடையைத் தாண்டலாம்; காலம் இட்ட தடையை எங்ஙனந் தாண்டுவது? பொறுத்திருத்தலும் பயிற்சியை விடாதிருத்தலுமே அதற்கு அவர் கண்ட வழி. வள்ளுவப் பெருந்தகை ஆள்வினையுடைமைக்கென ஓர் அதிகாரமே வகுத்ததன் பயனை இங்குக் காண்கின்றோம்.

1948இல் இலண்டனில் விழா கூடிற்று. அவ்வாண்டு பெப்ரவரியிலே விடுதலை பெற்ற இலங்கை, முதன்முறையாக அதிற் கலந்துகொண்டது. வைற்றுக்கு வயது முப்பது. ஜூலை மாதம் 31ஆந் தேதி வெம்பிளி அரங்கில் இறுதியோட்டம் நடைபெற்றது. அமெரிக்க வீரர் ரோய் கொக்ரன் 51.1 விநாடியில் முதலாவதாக வந்தார். போரினால் நல்ல பருவத்தை இழந்தவரே அவரும். நம் வைற் 51.8 விநாடியில் இரண்டாமிடத்தைப் பற்றினார். சுவீடன் நாட்டின் ருனே லார்சன் அவர்க்குப் பின்னரே வந்தார். இலங்கை பெற்ற முதல் ஒலிம்பிக் பதக்கம் அவ்வெள்ளிப் பதக்கமே. ஈராண்டு கழித்து, 1950இல், ஓக்லண்டில் நிகழ்ந்த பேரரசு விளையாட்டு விழாவிலே 440 யார் தடைதாண்டி ஓட்டத்தில் அவர் தங்கமும் ஈட்டினார். பின்னாளில் அயல்நாடுகளில் ஆசிரியப்பணி புரிந்து, இங்கிலாந்திலே தங்கி, 1998ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மறைந்தார். அவர் மறைந்த வேளையிலும் இலங்கையின் ஒலிம்பிக் பதக்கம் அவருடையது ஒன்றாகவே இருந்தது. சுசந்திகா ஜயசிங்க சிட்னியில் 200 மீற்றர் ஓட்டத்திற் பதக்கம் பெற்றது 2000இல். இடையே ஓடி மறைந்தவை 52 ஆண்டுகள்.

அக்கரப்பத்தனையில் வாழும் நாம் 1948ஐ வேறொரு காரணத்தாலும் மறத்தற்கில்லை. இலண்டனில் நாடு மதிப்புப் பெற்ற அதே ஆண்டின் நவம்பரிலே நடைமுறைக்கு வந்த பிரசாவுரிமைச் சட்டம், இத்தேயிலை மலைகளில் உழைத்தோரிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. அக்குறை சட்டத்தால் முற்றும் நீங்குதற்கு 2003 வரை காத்திருக்க நேர்ந்தது. காத்திருத்தல் இன்னதென்பதை நம் முன்னோர்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆதலின் பறங்கியர் குலத்துதித்த இவ்வீரரின் பன்னெடுநாட் பொறுமை நமக்கு அயலானதன்று.

வைற் திறந்த வழியிலே பிறரும் வந்தனர். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மாணவராய் இருந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958இல் தோக்கியோவில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து, அவ்விழாவில் இலங்கைக்கு முதல் தங்கத்தை ஈட்டித் தந்தார். நாட்டில் இனக்கலவரம் மூண்டிருந்த நாள்கள் அவை. பறங்கியர் ஒருவரும் தமிழர் ஒருவரும் ஈட்டிய அப்பெருமையை நாடு முழுவதும் தனதெனக் கொண்டது. பதக்கத்தைப் பங்கிட்டுக்கொள்ளுதல் எளிது. உரிமையைப் பங்கிடுதலே அரிது என்பதையும் அவ்வாண்டு காட்டிற்று.

நம் தோட்டப்புறங்களிலே சமதரையாய் ஒரு மைதானம் வாய்த்தல் அருமை. தேயிலைச் சரிவுகளிடையே கிடைத்த துண்டு நிலத்திற் பயிலும் நம் பிள்ளைகள் இதனால் உளந்தளர வேண்டா. விழாவே இல்லாத ஆண்டுகளிலும் பயிற்சியை விடாத ஒருவர் முப்பதாம் வயதில் உலகின் இரண்டாம் வீரரானார். அவர்களுக்கேற்ற களத்தை அமைத்துக் கொடுக்கும் கடன், இக்கல்லூரியின் நிழலிற் பயின்று வெளியேறிய பழைய மாணவராகிய நம்முடையது.