பள்ளிக்கூடம் போகாத பியாட்ரிக்ஸ்

நீலச் சட்டை போட்ட ஒரு முயல் குட்டி. அம்மா போகாதே என்று சொன்ன தோட்டத்துக்குள்ளேயே நுழைகிறது. வயிறு முட்டத் தின்கிறது. தோட்டக்காரர் துரத்த, சட்டையையும் செருப்பையும் விட்டுவிட்டு உயிர் தப்பி ஓடுகிறது. பல தேசத்துக் குழந்தைகளுக்கும் பழக்கமான அந்த முயலின் பெயர் பீட்டர். அதைப் படைத்தவர் பியாட்ரிக்ஸ் பாட்டர் என்ற ஆங்கில மாது. இத்தனைக்கும் அந்த அம்மையார் சிறு வயதில் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பப்படாதவர்!

1866 ஜூலை 28-ந் தேதி லண்டன் மாநகரில் அவர் பிறந்தார். தகப்பனார் ரூபர்ட் பாட்டர் பாரிஸ்டருக்குப் படித்தவர். பருத்தித் தொழிலில் முன்னோர் சேர்த்த செல்வம் குடும்பத்தில் நிறைய இருந்தது. அத்தகைய வீட்டுப் பெண்களுக்கு ஆசிரியைகள் வீட்டுக்கே வந்து பாடம் சொல்லித் தருவது அந்தக் காலத்து வழக்கம். தம்பி பெர்ட்ரம் வளர்ந்ததும் அவனை விடுதிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அக்காள் மட்டும் மாடி அறையிலேயே இருந்தாள்.

மாடியில் ஒரு மிருகக் காட்சி சாலை

அந்த அறையில் விளையாடத் தோழிகள் இல்லை. ஆனால் முயல், சுண்டெலி, முள்ளெலி, தவளை, பல்லி, வௌவால் எல்லாம் இருந்தன. அக்காளும் தம்பியும் அவற்றை வளர்த்தார்கள், உற்றுப் பார்த்தார்கள், வரைந்தார்கள். செத்துப்போன பிராணியை வேகவைத்து எலும்புக் கூட்டைப் பிரித்தெடுத்து, எந்த எலும்பு எங்கே பொருந்துகிறது என்று ஆராய்ந்ததும் உண்டு. கேட்கும்போது அருவருப்பாகத்தான் இருக்கும். ஆனால் பின்னாளில் சட்டை போட்ட முயலை அவர் வரைந்தபோது, அந்தச் சட்டைக்குள் இருந்தது நிஜ முயலின் உடம்பு. அதற்கு அஸ்திவாரம் இந்த மாடி அறையில்தான் விழுந்தது.

கோடையில் குடும்பம் ஸ்காட்லாந்துக்குப் போகும். காடும் ஓடையுமே அப்போது பாடப் புத்தகம். 8, 9 வயதில் அங்கே பார்த்த கம்பளிப் புழுக்களை அவள் வரைந்து வைத்த நோட்டுப் புத்தகம் இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

லண்டனிலோ, வீட்டுக்குப் பக்கத்திலேயே பொருட்காட்சி சாலைகள் இருந்தன. இயற்கை வரலாற்றுப் பொருட்காட்சி சாலை அங்கே 1881-ல் திறக்கப்பட்டபோது பியாட்ரிக்ஸுக்கு வயது 14. சும்மா ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருகிறவர் அல்ல அவர். ஒரு பூச்சியின் முன்னால் உட்கார்ந்தால், அதன் கால் மயிர் வரை வரைந்து முடித்துத்தான் எழுந்திருப்பார். க்ளாஸ்டர் நகரத்துத் தையற்காரரைப் பற்றி 1903-ல் வெளியான கதைப் புத்தகத்துக்கு, பொருட்காட்சி சாலையிலிருந்த பழங்காலப் பூவேலை உடுப்புகளைப் பார்த்துத்தான் படம் போட்டார்.

தபால்காரர் தந்த பாடம்

காளான்களைப் பற்றி அவருக்குச் சொல்லித் தந்தவர் யார் தெரியுமா? ஸ்காட்லாந்தில் தபால் கொண்டு வந்த சார்லஸ் மக்கின்டாஷ்! கால்நடையாகத் திரிந்தே செடி கொடிகளைக் கற்றுத் தேர்ந்தவர் அவர். அவர் ஊக்கத்தால் பியாட்ரிக்ஸ் நூற்றுக்கணக்கான காளான்களை வரைந்தார். காளான் வித்துகள் முளைக்கும் விதத்தைப் பற்றி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையும் எழுதினார். 1897-ல் லின்னேயஸ் சங்கத்தில் அது முன்வைக்கப்பட்டது. ஆனால் அந்தக் கூட்டத்தில் பெண்களுக்கு இடம் கிடையாது. எழுதியவர் இல்லாமலேயே கூட்டம் நடந்தது. கட்டுரை அச்சேறவே இல்லை. அவருடைய காளான் படங்களில் 59-ஐ ஒரு விஞ்ஞான நூல் ஏற்றுக்கொண்டது 1967-ல். அப்போது அவர் உயிரோடு இல்லை.

ஒரு கதவு மூடியது. மற்றொரு கதவோ அதற்கு முன்பே திறந்திருந்தது. பியாட்ரிக்ஸின் கடைசி ஆசிரியை ஆனி கார்ட்டர். அவர் கல்யாணமாகிப் போன பிறகும் இருவரின் நட்பு விடவில்லை. 1893-ல் ஆனியின் 5 வயது மகன் நோயல் நோயுற்றுப் படுத்திருந்தான். அவனுக்குப் படங்களோடு பியாட்ரிக்ஸ் எழுதிய கடிதம்தான் பீட்டர் முயலின் கதை! சில ஆண்டுகள் கழித்து அதைப் புத்தகமாக்க எண்ணி, கடிதத்தை இரவல் கேட்டார். பையன் பத்திரமாக வைத்திருந்தான்.

பிரசுரகர்த்தர்கள் பலர் திருப்பியனுப்பினார்கள். அவர் சளைக்கவில்லை. 1901-ல் சொந்தச் செலவில் 250 பிரதிகள் அச்சடித்தார். மறு ஆண்டே வார்ன் கம்பெனியார் ஏற்று வெளியிட்டார்கள். 1903-ல் முயல் பொம்மை ஒன்றைத் தம் கையாலேயே தைத்து, அதற்கு உரிமையும் பதிவு செய்துகொண்டார்.

வீடு தந்ததும் தடுத்ததும்

பள்ளிக்கு அனுப்பாததே நல்லதாயிற்று, அனுப்பியிருந்தால் தம் தனித்தன்மை தேய்ந்திருக்கும் என்பது பிற்காலத்தில் அவர் அபிப்பிராயம். ஆனால் மறுபக்கமும் உண்டு. இளம் வயதில் தொடங்கி 30 வயது வரை அவர் ரகசிய எழுத்தில் நாட்குறிப்பு எழுதினார். 1958-ல்தான் அதன் மர்மம் விடுபட்டது. அதிலே தனிமையும் மனச்சோர்வும் தெரிகின்றன. 1905-ல் பிரசுரகர்த்தர் நார்மன் வார்னை மணக்க அவர் இசைந்தபோது, வியாபாரக் குடும்பம் என்று பெற்றோர் தடை சொன்னார்கள். அப்போது அவருக்கு வயது ஏறக்குறைய 39! ஒரு மாதத்திற்குள் நார்மன் நோயில் இறந்து போனார்.

துக்கத்தை நெஞ்சில் அடக்கிக்கொண்டு, அந்த ஆண்டே ஏரி மாவட்டத்தில் ஒரு பண்ணை வாங்கினார். 1913-ல் வழக்கறிஞர் வில்லியம் ஹீலிஸை மணந்தார். ஆடு வளர்ப்பில் பெயர் பெற்றார். 1943 டிசம்பர் 22-ந் தேதி மறைந்தபோது, 4,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை நேஷனல் டிரஸ்ட் என்ற பொது ஸ்தாபனத்துக்கு விட்டுச் சென்றார்.

குழந்தைக்கு வீட்டில் பாடம் சொல்லித் தரும் பெற்றோருக்கு இந்த வாழ்க்கையில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. கதையும் கைவேலையும் பொருட்காட்சி சாலையும் பாடப் புத்தகத்துக்குக் குறைந்தவை அல்ல. பார்க்கக் கற்ற கண் வாழ்நாள் முழுதும் சோறு போடும். ஆனால் குழந்தைக்குத் தோழர்களும் வேண்டும். கற்றுத் தரும் வீடு கதவையும் திறந்து வைக்க வேண்டும்.