ஈசுவர சந்திர வித்யாசாகர்

ஈசுவர சந்திர வித்யாசாகர் (செப்டம்பர் 26, 1820 - ஜூலை 29, 1891) வங்காளத்தைச் சேர்ந்த சமஸ்கிருத அறிஞர், கல்வியாளர், எழுத்தாளர், சமூகச் சீர்திருத்தவாதி. இந்துக் கைம்பெண்களின் மறுமணத்தைச் சட்டப்படி செல்லத்தக்கதாக்கிய 1856 ஆம் ஆண்டுச் சட்டம் நிறைவேற முதன்மைக் காரணமாக இருந்தவர். வங்காள உரைநடையைச் செம்மைப்படுத்தியவர்களுள் ஒருவராகவும் கருதப்படுகிறார்.

இளமையும் கல்வியும்

இன்றைய மேற்கு வங்காள மாநிலத்தில் மேற்கு மேதினிப்பூர் மாவட்டத்திலுள்ள பீர்சிங்கா என்னும் சிற்றூரில், ஏழைப் பிராமணக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை தாகூர்தாஸ் பந்தோபாத்யாய், தாய் பகவதி தேவி. 1829 முதல் 1841 வரை கல்கத்தா சமஸ்கிருதக் கல்லூரியில் பயின்றார். கல்விக் கடல் எனப் பொருள்படும் வித்யாசாகர் என்பது இவரது புலமைக்காக வழங்கப்பட்ட பட்டமாகும். 1841 இல் வில்லியம் கோட்டைக் கல்லூரியின் தலைமைப் பண்டிதராகவும், 1851 இல் சமஸ்கிருதக் கல்லூரியின் முதல்வராகவும் பொறுப்பேற்றார். பிராமணரும் வைத்தியரும் மட்டுமே பயின்றுவந்த அக்கல்லூரியில் காயஸ்தர் முதலிய பிற சாதி மாணவர்களும் சேர வழிசெய்தார்.

கைம்பெண் மறுமணம்

அக்கால வங்காளத்து உயர்சாதியினரிடையே சிறுமிகளை மணம் செய்துகொடுப்பது வழக்கமாக இருந்தது. குலீன பிராமணர் எனப்பட்டோருள் சிலர் பல பெண்களை மணந்தனர். இதனால் சிறு வயதிலேயே கைம்பெண்ணானோர் பலர். இவர்களுக்கு மறுமணம் மறுக்கப்பட்டது; உணவிலும் உடையிலும் கடும் கட்டுப்பாடுகள் இருந்தன. ஆயினும் இந்து சமயத்தைச் சார்ந்த வேறு பல சாதிகளில் மறுமணம் இயல்பான வழக்கமாகவே இருந்தது.

வித்யாசாகர் 1855 இல் இப்பொருள் குறித்து இரு நூல்களை வெளியிட்டார். அறநெறிகள் யுகத்துக்கு யுகம் வேறுபடுவன என்றும், கலியுகத்துக்கு உரியதான பராசர ஸ்மிருதி கைம்பெண் மறுமணத்துக்கு இடமளிக்கிறது என்றும் வாதிட்டார். அவ்விதி மணம் பேசி முடிக்கப்பட்ட பெண்களுக்கே பொருந்தும் என்றும், மறுமணம் நாட்டு வழக்கத்துக்கு முரணானது என்றும் எதிர்த்தரப்புப் பண்டிதர்கள் கூறினர். நாட்டு வழக்கங்களும் காலந்தோறும் மாறிவந்தவையே என இரண்டாம் நூலில் இவர் மறுமொழி அளித்தார்.

சட்டம் கோரி இவர் அளித்த விண்ணப்பத்தில் ஏறத்தாழ 1,000 பேர் கையொப்பமிட்டிருந்தனர். ராதாகாந்த தேவ் தலைமையில் அளிக்கப்பட்ட எதிர் விண்ணப்பத்தில் 36,000க்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டிருந்தனர். எனினும் ஜூலை 1856 இல் சட்டம் நிறைவேறியது. அதன்படி நடந்த முதல் திருமணம் அவ்வாண்டு டிசம்பர் 7 ஆம் நாள் கல்கத்தாவில் நடைபெற்றது. இத்தகைய திருமணங்களின் செலவை ஏற்றதால் வித்யாசாகர் பெருங்கடனுக்கு உள்ளானார். 1870 இல் இவருடைய மகன் நாராயண சந்திரரும் ஒரு கைம்பெண்ணையே மணந்தார்.

சட்டத்தின் விளைவுகள்

மறுமணம் செய்யும் பெண் இறந்த கணவனின் சொத்தில் தனக்கிருந்த உரிமையை இழப்பாள் என்பது இச்சட்டத்தின் இரண்டாம் பிரிவு. மறுமணம் ஏற்கெனவே வழக்கிலிருந்த சாதிப் பெண்களுக்கும் இது பொருந்துமா என்ற சிக்கல் பின்னர் எழுந்தது. பொருந்தும் எனக் கல்கத்தா, பம்பாய், சென்னை உயர்நீதிமன்றங்கள் முடிவு செய்தன. அலகாபாத் உயர்நீதிமன்றம் மாறான கருத்தைக் கொண்டது. இவ்வாறு, உயர்சாதிப் பெண்களின் துயர் நீக்க இயற்றப்பட்ட சட்டம், முன்பே உரிமை பெற்றிருந்த சில பெண்களுக்கு இழப்பையும் ஏற்படுத்தியது. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956 இல் நடைமுறைக்கு வந்தது. 1856 ஆம் ஆண்டுச் சட்டம் 1983 இல் நீக்கப்பட்டது.

பிற பணிகள்

வித்யாசாகர் 1857-58 காலப்பகுதியில் வங்காள ஊர்களில் 35 பெண்கள் பள்ளிகளை நிறுவினார். 1855 இல் வெளிவந்த இவரது வர்ணபரிசயம் என்னும் அரிச்சுவடி பல தலைமுறை வங்காளக் குழந்தைகளுக்கு எழுத்தறிவித்தது. பலதார மணத்தை எதிர்த்து 1871 இலும் 1873 இலும் நூல்கள் எழுதினார். அதைத் தடுக்கும் சட்டம் இவரது வாழ்நாளில் இயற்றப்படவில்லை. இந்துக்களிடையே பலதார மணம் 1955 ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தால் இந்தியா முழுமைக்கும் பொதுவாகத் தடைசெய்யப்பட்டது.

நினைவுச் சின்னங்கள்

1992 இல் கொல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றின் மேல் திறக்கப்பட்ட வித்யாசாகர் சேதுவும், மேதினிப்பூரிலுள்ள வித்யாசாகர் பல்கலைக்கழகமும் இவர் பெயரைத் தாங்கியுள்ளன.